சுப்பாராவ்: நாக்கைப் புண்ணாக்கும் நோயில் பிழைத்தவர் தந்த மருந்துகள் உங்கள் வாயை என்ன செய்யும்?

பெக்கோக்கில் உங்கள் வீட்டில் இருக்கும் மருந்துப் பையை ஒருமுறை எடுத்துக் கொட்டிப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஃபோலிக் அமில மாத்திரையும் இருக்கும். காட்டுப் பக்கம் போய்வந்து காய்ச்சலில் விழுந்தவருக்குக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் கேப்சூல் மிச்சம் இருந்தாலும் இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. கடைசியாக நீங்கள் பல் பிடுங்கப் போனபோது, இந்தப் பையில் என்னென்ன இருக்கிறது என்று பல் மருத்துவரிடம் சொன்னீர்களா?

பெரும்பாலானோர் சொல்வதில்லை. பல்லுக்கும் மூட்டு வலி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைக்கிறோம். சம்பந்தம் நிறையவே இருக்கு. அதைப் புரிந்துகொள்ள, சென்னையில் படித்து அமெரிக்காவில் மறைந்த ஒரு மருத்துவரின் வாழ்க்கை உதவும். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது அவர் தலைமையில் இயங்கிய குழு. மூட்டு வாதத்துக்கு இன்று தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டின் தொடக்கமும் அங்கேதான். டாக்ஸிசைக்ளின் எந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அந்த டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து வந்ததும் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்துதான்.

இந்த மூன்றில் ஒன்று வாய்ப்புண்ணை ஆற்றும். ஒன்று வாய்ப்புண்ணை வரவழைக்கும். இன்னொன்று பல்லின் நிறத்தையே மாற்றும்.

பீமவரத்தில் இருந்து சென்னைக்கு

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12-ம் தேதி. ஊர் பீமவரம். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தின் கீழ் இருந்தது. ஏழு பிள்ளைகள் உள்ள குடும்பம். அப்பாவுக்கு உடல்நலம் கெட்டு வேலையை விட்டுவிட்டதால், வீட்டில் எப்போதும் பணத் தட்டுப்பாடு.

படிப்பில் அவர் புலி என்று நினைத்துவிடாதீர்கள். 13 வயதில் வீட்டை விட்டு ஓடியவர் அவர். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். அம்மா வெங்கம்மா விடவில்லை. பிடித்துக் கொண்டுவந்து மறுபடி பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறையில் தேறினார்.

அடுத்து மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட ஆசை வந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. மக்களுக்குச் சேவை செய்ய மருத்துவமும் ஒரு வழிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கைகொடுத்தார்கள். 1919-ல் சேஷகிரியுடன் திருமணம் நடந்தது.

அது காந்தியின் காலம். அந்நியத் துணியை ஒதுக்கச் சொன்ன அழைப்பைக் கேட்டு, சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகச் செய்தும், முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற குறைந்த தகுதிச் சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான கதவு அதோடு மூடிக்கொண்டது.

நாக்கில் தொடங்கிய நோய்

சுப்பாராவின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு நோய். ஆங்கிலத்தில் அதற்கு ஸ்ப்ரூ என்று பெயர். வெப்ப நாடுகளில் வரும் குடல் நோய் இது. தின்ற சாப்பாட்டின் சத்தைக் குடல் உறிஞ்சாது. பேதி நிற்காது. உடம்பு உருகும். இரத்தம் குறையும்.

இந்த நோயின் ஓர் அடையாளம் வாயில் தெரியும். நாக்கு வழவழப்பாகிச் சிவந்துவிடும். வாய் முழுக்கப் புண். உப்பு, காரம் எதுவும் படக்கூடாது. ஸ்ப்ரூ என்ற பெயரே வாய்ப்புண்ணைக் குறிக்கும் டச்சுச் சொல்லில் இருந்து வந்ததுதான். மலேசியாவுக்குப் பக்கத்திலேயே, அன்று டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் வேலை பார்த்த ஐரோப்பிய மருத்துவர்கள் வழியாகத்தான் அந்தச் சொல் பரவியது. குடல் நோய்க்கு வாயின் பெயர்! நோய் குடலில் இருந்தாலும், நோயாளி முதலில் காட்டியது நாக்கைத்தான்.

சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் இந்த நோய்க்குப் பலியானார்கள். இரண்டு சாவுக்கும் நடுவே சில நாட்கள்தான் இடைவெளி. அதன் பின் சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. படித்த அலோபதி மருத்துவம் கைகொடுக்கவில்லை. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில்தான் அவர் தேறினார்.

பிழைத்த பிறகு, சென்னையில் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியரானார் சுப்பாராவ். ஆனால் கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. உடம்பில் எது குறைந்ததால் இந்த நோய்? எதைக் கொடுத்தால் அது தீரும்?

இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா போக முடிவெடுத்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பணம் தந்தார்கள். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு 1923-ல் கிளம்பினார். அந்த ஆண்டு அக்டோபர் மாதம் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். அதன் பின் அவர் ஊர் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த மகன், ஒரு வயது நிறைவதற்குள் தொற்றுநோயில் இறந்துபோனான். அந்தக் குழந்தையின் முகத்தை அப்பா பார்க்கவில்லை.

பாஸ்பரஸும் பல் எனாமலும்

பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். கையில் காசில்லை. அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க உரிமமும் இல்லை. அதனால் மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலக்கலன்களைக் கழுவுவதும் அந்த வேலையில் அடக்கம். மருத்துவம் படித்த மனிதர் அவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

டிப்ளமா முடித்ததும் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் ஆய்வில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு முறையைக் கண்டுபிடித்து 1925-ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

பாஸ்பரஸ் ஏன் முக்கியம்? உங்கள் பல்லைத் தொட்டுப் பாருங்கள். பல்லின் மேல் இருக்கும் எனாமல், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதன் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்புதான். இந்தக் கால்சியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் ஒரு மருந்தின் கதையில் இதற்கு வேலை இருக்கு.

அந்த அளவை முறையை வைத்துக்கொண்டே இருவரும் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி. பற்றி அறிவித்தார்கள். உயிரணு தன் வேலைக்குச் செலவழிக்கும் சக்தியின் சில்லறைக் காசு என்று ஏ.டி.பி.-யைச் சொல்லலாம். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் இதைத் தனியாகக் கண்டறிந்தார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. தன் பெயரை முன்னால் தள்ளத் தெரியாதவர் என்பதும் சேர்ந்துகொண்டது. 1940-ல் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். சீக்கிரமே அங்கே ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு விடை தேட இப்போது அவருக்கு இடமும் ஆட்களும் கிடைத்தார்கள்.

வாயை ஆற்றும் மாத்திரை

விடையின் ஒரு நுனி ஏற்கனவே இந்தியாவில் அகப்பட்டிருந்தது. 1928-ல் பம்பாய் வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், துணி ஆலைப் பகுதிகளில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தால் அவர்கள் தேறுவதைப் பார்த்தார். அதில் இருக்கும் சத்து எது என்று அப்போது தெரியவில்லை. பிறகு அமெரிக்காவில் கீரையில் இருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

மூட்டை மூட்டையாகக் கீரையைப் பிழிந்தாலும் துளியளவுதான் கிடைக்கும். அதை வைத்து ஊருக்கே மருந்து கொடுக்க முடியாது. சுப்பாராவின் குழு 1940-களின் நடுவில் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டியது. 1946 வாக்கில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, நாக்குப் புண் ஆறியது, பசி திரும்பியது, இரத்தம் ஏறியது. சகோதரர்கள் போய் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்த விடை.

நாக்கில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் தெரிகிறது? வாயின் உள்தோல் ரொம்ப வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கைத்தோல் மாறுவதற்குள் வாய்த்தோல் பல முறை மாறிவிடும். புது அணு பிறக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். அது குறைந்தால் வேகமாக வளரும் இடத்தில்தான் முதல் அடி விழும். இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்ட இடம்தான்.

எனவே அடிக்கடி வாய்ப்புண் வருகிறது, நாக்கு எரிகிறது, கூடவே சோர்வும் இருக்கிறது என்றால் அதைச் சூடு என்று மட்டும் சொல்லி இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறைவது ஃபோலிக் அமிலமாக இருக்கலாம், பி12 ஆக இருக்கலாம், இரும்பாகவும் இருக்கலாம். குறிப்பாகச் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால், இரத்தம் சரியானதுபோல் தெரியும். நரம்பு பாதிப்போ உள்ளே தொடரும். எது குறைவு என்று தெரிந்துகொண்டுதான் சாப்பிடணும்.

வாயைப் புண்ணாக்கும் மாத்திரை

ஃபோலிக் அமிலம் இருந்தால் அணுக்கள் வளரும். அப்படியானால், புற்றுநோய் அணுக்களிடம் இருந்து அதைத் தட்டிப் பறித்தால்?

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் இந்தக் கேள்வியில் இறங்கினார். ஃபோலிக் அமிலம் போலவே இருந்து, அணுவை ஏமாற்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருட்களை சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு 1947-ன் இறுதியில் ஃபார்பர் அதைக் கொடுக்கத் தொடங்கினார். அதுவரை அந்தக் குழந்தைகளுக்குச் செய்ய எதுவுமே இருந்ததில்லை. இந்த மருந்தில் சிலருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூன் மாதம் அந்த முடிவு வெளியானது. இன்றைய கீமோதெரபியின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இது.

ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு வாயில் புண்ணும் வந்தது. காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். வேகமாக வளரும் அணுக்களைத் தடுக்கும் மருந்துக்கு, எது புற்று, எது வாய்த்தோல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்று புற்றுநோய்க்கு மட்டுமல்ல, முடக்கு வாதத்துக்கும் சொரியாசிஸ் தோல் நோய்க்கும் சிறிய அளவில் தருகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இதைச் சாப்பிடலாம். அப்படியென்றால் அடுத்த சில வரிகளைக் கவனமாகப் படியுங்கள்.

மூட்டு வாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மருந்து உறையில் மலாயில் செக்காலி செமிங்கு என்று போட்டிருந்தால் வாரம் ஒருமுறை என்று பொருள். செக்காலி செஹாரி என்றால் தினம் ஒருமுறை. இரண்டும் படிக்க ஒன்றுபோல் இருக்கும். கண் மங்கிய தாத்தா பாட்டி மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. உலகம் முழுக்க இந்தத் தவறு நடந்திருக்கிறது, உயிர்களும் போயிருக்கின்றன. உறையின் மேல் தமிழில் கிழமையை எழுதி ஒட்டிவிடுங்கள்.

மருந்தின் அளவு மீறிப் போகிறது என்பதை முதலில் சொல்லும் இடங்களில் ஒன்று வாய். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்குத் திடீரென்று வாய் முழுக்கப் புண் வந்தால், கூடவே காய்ச்சலோ காரணமில்லாத இரத்தக் கசிவோ இருந்தால், பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க.

இதற்கு மாற்றுமருந்து போலத்தான் மருத்துவர்கள் அதே ஃபோலிக் அமிலத்தையும் கூடவே எழுதித் தருகிறார்கள். வாய்ப்புண்ணும் குமட்டலும் அதனால் குறையும். சுப்பாராவின் குழு செய்த ஒரு மருந்தின் பக்கவிளைவைத் தணிப்பது, அதே குழு செய்த இன்னொரு மருந்து.

பல் வலி என்று போகும்போதும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். பல் வலிக்கு வழக்கமாகத் தரும் ஐபுப்ரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலி நிவாரணிகளும், அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளும், சிறுநீரகம் மெத்தோட்ரெக்சேட்டை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கக்கூடும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது பெரிய விஷயம். டிரைமெத்தோப்ரிம் கலந்த மருந்துகளை இதோடு சேர்க்கவே கூடாது. தெரிந்தால் பல் மருத்துவர் வேறு மருந்தோ குறைந்த அளவோ பார்த்துக் கொடுப்பார். தெரியாவிட்டால் அவர் எப்படிக் கொடுப்பார்?

பல்லின் நிறத்தை மாற்றிய மருந்து

லெடர்லியில் சுப்பாராவ் நடத்திய இன்னொரு வேட்டை, மண்ணில். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று கொல்லச் சுரக்கும் பொருளில் இருந்து மருந்து கிடைக்குமா என்று உலகமே தேடிய காலம் அது. வேறு இடத்தில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டகர் லெடர்லியில் வேலைக்கு வந்திருந்தார். மிசௌரி பல்கலைக்கழக வயலில் எடுத்த மண்ணில் இருந்து பொன்னிற நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அது தந்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுதான்.

பென்சிலின் தொடாத பல கிருமிகளை அது தொட்டது. 1948 ஜூலையில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அடுத்த மாதமே, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. ஊருக்குத் திரும்பாமலே, மனைவியைப் பார்க்காமலே போய்விட்டார்.

அந்த மருந்துக் குடும்பம் கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. 1994-ல் சூரத் நகரில் பிளேக் பீதி கிளம்பியபோது மக்கள் மருந்துக்கடைகளில் முண்டியடித்து வாங்கியது டெட்ராசைக்ளினைத்தான். நம்ம பக்கமும் இதற்கு வேலை உண்டு. செம்பனை, ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வரக்கூடிய உண்ணிக் காய்ச்சலுக்கும், ஆற்றிலும் அருவியிலும் குளிக்கிறவர்களுக்கு வரக்கூடிய எலிச் சிறுநீர் நோய்க்கும் டாக்ஸிசைக்ளின் முக்கியமான மருந்து. எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் பெக்கோக்கில் இந்த இரண்டு நோய்களின் பெயரும் அந்நியமாக இருக்காது.

ஆனால் 1950-களின் நடுவில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சின்ன வயதில் டெட்ராசைக்ளின் சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பல் மஞ்சளாக முளைத்தது. வெளிச்சம் பட்ட முன்பற்கள் வருடம் போகப் போகப் பழுப்பாகவும் சாம்பலாகவும் மாறின.

முன்னே சொன்ன கால்சியம் நினைவிருக்கா? டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது மருந்து இரத்தத்தில் இருந்தால், அது கால்சியத்தோடு சேர்ந்து பல்லுக்குள்ளேயே படிந்துவிடும். வெளியில் ஒட்டிய கறை இல்லை என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மேலே மெல்லிய உறை ஒட்டி மறைக்கலாம்.

இதனால்தான் கர்ப்ப காலத்தின் பிற்பகுதியிலும், எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளினைத் தவிர்க்கிறார்கள். வளர்ந்தவர்களுக்குப் பல் ஏற்கனவே உருவாகி முடிந்ததால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. முகப்பருவுக்கு நீண்ட நாள் தரும் மினோசைக்ளின் மட்டும் விதிவிலக்கு. அது பெரியவர்களின் பல்லையும் சில நேரம் கறையாக்கும்.

அதற்காக டாக்ஸிசைக்ளின் என்றாலே பயப்பட வேண்டாம். அது கால்சியத்தோடு குறைவாகத்தான் ஒட்டும். குறுகிய நாட்களுக்குக் கொடுத்தால் குழந்தைகளின் பல்லில்கூடக் கறை வரும் ஆபத்து மிகக் குறைவு என்று இப்போது தெரிகிறது. உண்ணிக் காய்ச்சல் போன்ற உயிர்போகும் நோயில் மருத்துவர் யோசித்துக் கொடுத்தால், பல்லை நினைத்து மருந்தை மறுக்காதீர்கள். தவறு எது தெரியுமா? போன முறை மிஞ்சிய கேப்சூலைப் பிரித்து, மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுப்பது.

உங்கள் பையில் இருக்கும் மற்ற மருந்துகள்

சுப்பாராவின் மூன்று மருந்துகள் காட்டுவது ஒரே பாடம். நாம் ஓர் இடத்துக்கு அனுப்பும் மருந்து, அந்த இடத்தோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. வாய்க்கும் வருகிறது. மற்ற மருந்துகளுக்கும் இதே கதைதான்.

இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், சிலருக்கு ஈறை வீங்கி வளர வைக்கும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயினும் அப்படித்தான். ஈறு பல்லை மூட ஆரம்பித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லைச் சுத்தமாக வைத்தால் வளர்ச்சி குறையும், தேவைப்பட்டால் மருந்தையும் மாற்றித் தருவார்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை இரத்தம் உறைவதைக் குறைக்கும். பல் பிடுங்கும் முன் பலர் தாங்களாகவே இவற்றை நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்தான பழக்கம். பிடுங்கிய இடத்தில் வரும் இரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். மருந்தை நிறுத்தியதால் இதயத்திலோ மூளையிலோ கட்டும் இரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அண்மைய ஐ.என்.ஆர். பரிசோதனை அட்டையையும் கொண்டுபோங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் வகை மருந்துகள் சாப்பிடுவோருக்கு, அரிதாக, பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே பல்லைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சளி, அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரைகள் வாயை வறள வைக்கும். எச்சில் பல்லுக்குக் காவல்காரன். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாக வரும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். வாய் காய்கிறது என்று இனிப்பு மிட்டாய் சப்பினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள், இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும். குழந்தைக்கு இரவில் இனிப்பான சிரப் கொடுத்தால், தூங்கும் முன் பல் துலக்கி விடுங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினியாகப் பல் சிகிச்சைக்குப் போகாதீர்கள். பாதியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

அடுத்த முறை என்ன செய்யணும்?

ரொம்பச் சுலபம். பல் சிகிச்சைக்குப் போகும்போது மருந்துப் பையை அப்படியே எடுத்துப் போங்கள். மாத்திரை உறைகளைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டாலும் போதும். நாட்டு மருந்து, ஜமு, ஊட்டச்சத்து மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். பள்ளியில் பல் பரிசோதனைக்கான படிவம் வந்தால், பிள்ளை என்ன மருந்து சாப்பிடுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சுப்பாராவுக்கு வாழும் காலத்தில் பெரிய பரிசுகள் எதுவும் கிடைக்கவில்லை. அவர் பிறந்து நூறாண்டு ஆன 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. யானைக்கால் நோய்க்கு அவர் குழு கண்ட டையெத்தில்கார்பமசைன், இந்தியாவிலும் மலேசியாவிலும் அந்த நோயை ஒழிக்கும் திட்டங்களில் பயன்பட்டது.

தன் குழு தந்த மருந்து குழந்தைகளின் பல்லில் கறையாகப் படியும் என்பது அவருக்குத் தெரியாது. அது வெளியே தெரிய வந்தபோது அவர் உயிரோடு இல்லை. நாக்குப் புண்ணாகும் நோயில் சகோதரர்களை இழந்த மனிதர், நோயாளியின் வாயைப் பார்த்தே உடம்புக்குள் நடப்பதைப் படிக்கலாம் என்று அறிந்தவர். உங்கள் பல் மருத்துவரும் உங்கள் வாயைத்தான் பார்க்கப் போகிறார். அவர் பார்ப்பது அவருக்குப் புரிய வேண்டுமென்றால், உங்கள் பையில் இருப்பதும் அவருக்குத் தெரியணும்.